சிவில் மாணவிக்கு ஹனோய் கோபுரம் எதற்கு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். 2013 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதித்தொகுப்பில்) முதலாண்டுக்கு சி என்ற நிரல்மொழி இருந்தது, 2017இல் பைத்தான் என்ற நிரல்மொழி வந்தது. நல்ல மாற்றம். விட்டுப்போன அரைப்புள்ளியைத் தேடியே லேப் நேரம் கரைவது நின்றது. (அந்த வேலையை இப்போது வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி, அதாவது இண்டென்டேஷன், செய்கிறது, போகட்டும்.) நான் பேச வந்தது மொழியைப் பற்றி அல்ல, கணக்குகளைப் பற்றி.

2021 பாடத்திட்டத்தில் எல்லாத் துறைக்கும் வட்டுகளைத் தூண் மாற்றி அடுக்கும் அதே ஹனோய் கோபுரப் புதிர், வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் அதே பைனரி தேடல். சிவில் மாணவி அதை மனப்பாடம் செய்து தாளில் எழுதித் தேறிவிடுகிறாள். லேப் பட்டியலில் கம்பியின் எடை, மூன்று ஃபேஸ் மின்னோட்டம் என்று துறைக் கணக்குகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை ஃப்ளோசார்ட் (படிகளைக் காட்டும் வரைபடம்) போடுவதோடு முடிகின்றன. கட்டுமானப் பொருள்கள் லிஸ்ட் (பட்டியல்) பயிற்சியில் வருகின்றன. சிமென்ட், மணல், ஜல்லி என்று எழுதி, ஒன்றைச் சேர்த்து ஒன்றை நீக்கினால் ரெக்கார்டில் கையெழுத்து கிடைத்துவிடும்.

அந்தக் கம்பிக் கணக்கையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். எஃகுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 16க்கு 1.58. ஒரு சிறு வீட்டின் கம்பி அட்டவணையை (எந்த விட்டத்தில் எவ்வளவு கம்பி என்ற பட்டியலை) கோப்பாகக் கொடுத்து, விட்டவாரியாக மொத்த எடை கேட்டால் ஃபங்ஷன் (பெயரிட்ட நிரல் துண்டு), லூப் (திரும்பத் திரும்பச் செய்தல்), டிக்ஷனரி (விட்டத்துக்கு எடை என்று இணைத்து வைக்கும் அமைப்பு), கோப்பு வாசிப்பு எல்லாமே தேவைப்படும். 162 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இன்னும் நல்லது. எஃகின் அடர்த்தியிலிருந்து (கன மீட்டருக்கு 7850 கிலோ) அதையும் நிரலிலேயே வருவித்துக் காட்டலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1999 முதல் எல்லா மாணவர்களுக்கும் கணினிப் பாடம் கட்டாயம். ஒரே பாடத்தை எல்லோருக்கும் வைத்தபோது கலை, கட்டிடக்கலை, மேலாண்மை மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள். 2003இல் அங்கே பேராசிரியராக இருந்த மார்க் கஸ்டியல் அந்த மாணவர்களுக்கென்று, படங்களையும் ஒலியையும் பைத்தானில் மாற்றிப் பார்க்கும் பாடத்தைத் தொடங்கினார். படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் (படப் புள்ளியிலும்) சிவப்பைக் குறைப்பதுதான் அங்கே லூப் பாடம். தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது.

தனித்தனிப் பாடத்திட்டம் கேட்கவில்லை. பைத்தானின் இலக்கணம் பொதுவாகவே இருக்கட்டும். லேபில் கடைசி மூன்று பயிற்சிகளை மட்டும் துறைக்கு விட்டுவிடுங்கள், செய்முறைத் தேர்விலும் அவற்றிலிருந்தே கேளுங்கள். ஒரு சிக்கல் உண்டு: வகுப்பெடுக்கும் எங்களைப் போன்ற கணினித் துறை ஆசிரியர்களுக்குக் கம்பி அட்டவணை தெரியாது. அதனால் தரவுக் கோப்புகளை அந்தந்தத் துறையின் பாடக்குழுவே தயாரித்து, பாடத்திட்டத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
முதலாண்டுக்குப் பைத்தான் எடுக்கும் ஓர் ஆசிரியர்