மருத்துவ வரலாற்றுக்குக் காது கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மருத்துவ வரலாற்று ஒலிநூல் வேலை முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயமும் சரிபார்த்து வந்து சேர்ந்தது. பார்வையற்ற மாணவர்கள் தங்கியிருக்கும் கல்லூரி விடுதிகளுக்கு மெமரி கார்டுகள் போகத் தொடங்கிவிட்டன. வெளியீட்டு விழா, மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம் என்று நாம் எல்லோரும் பேசி முடிவெடுத்தோம். அதனால் நன்றியை இந்த மடலில்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வணக்கம் டாக்டர் ஐயாவுக்கு. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் முதலாமாண்டு மாணவர்களுக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்த நூல். ஓய்வு பெற்ற பிறகு அதைத் தமிழில் விரித்து எழுதினார். அச்சில் வருவதற்கு முன்பே ஒலியாக வரட்டும் என்று பிரதியை எடுத்துக் கொடுத்தார். "யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், யாரும் விற்க வேண்டாம்" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

ஒலிநூல் என்றாலே குரல் கொடுத்தவர்களைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன். இந்த நூல் இவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணம் கேட்டவர்கள் என்று நான் நம்புகிறேன், அதனால் அவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். அடுத்தவர் பார்வையற்ற மாணவர். அவரிடம் பிரதி இருக்காது, காதில் விழுவது மட்டும்தான். சொல் விட்டுப்போனால் முதல் ஆள் பிடித்துவிடுவார். சொல் எல்லாம் சரியாக இருந்தும் விஷயம் புரியாமல் போகிற இடங்களை அந்த மாணவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

லண்டன் காலரா அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ல் சோஹோ பகுதியில் பத்தே நாட்களில் 500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தபோது பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி அவை குவிந்திருந்தன என்று பிரதியில் இருந்தது. எம்.ஏ. வரலாறு படிக்கும் தம்பி அதைக் கேட்டுவிட்டு அனுப்பிய குரல் செய்தி இப்போதும் என் போனில் இருக்கிறது. "அக்கா, குவிந்திருந்தன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தத் தெருவில் என்னையும் ஒருமுறை நடக்க விடுங்களேன்."

டாக்டர் ஐயா அந்தப் பகுதி முழுவதையும் திருப்பி எழுதினார். இப்போது கேட்டால் பம்பிலிருந்து நடக்க ஆரம்பிக்கலாம். பக்கத்திலேயே ஏழைகள் விடுதி. அதைச் சுற்றியிருந்த வீடுகளில் சாவு, உள்ளே இருந்த 535 பேரில் ஐந்து பேர்தான் இறந்தார்கள். விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்கள் ஆலையில் கொடுத்த பீரைத்தான் குடித்தார்கள், பம்புப் பக்கமே போகவில்லை. அப்புறம் தூரத்தில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை. அந்தப் பகுதியில் காலராவே கிடையாது, அவர் மட்டும் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் தினமும் பாட்டிலில் வரவழைத்துக் குடித்தவர் அவர். செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணிய ஆரம்பித்துவிட்டது என்பதை ஸ்னோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்ததுதான் முதலில் நடந்தது, வரைபடம் அதற்குப் பிறகு வந்தது. படத்தைப் பிரமாதப்படுத்துகிற புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியால்தான் அந்த அத்தியாயம் ஸ்னோவுக்கு நியாயம் செய்தது. உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் பரிசோதனை பற்றிய அத்தியாயமும் இப்படித்தான் உருமாறியது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதிக்காரர் மகனாகப் பிறந்த லியோபோல்ட் ஆவன்புருகர், நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று ஓசையை வைத்துச் சொல்லும் முறையை 1761-ல் நூலாக வெளியிட்டார். அன்றைக்கு அதை மதித்தவர்கள் குறைவு. 1808-ல் பிரெஞ்சு டாக்டர் கார்விசார் அதைத் தன் மொழியில் பெயர்த்த பிறகுதான் பரவியது. அந்தக் கார்விசாரின் மாணவர்தான் லாயெனெக். 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அங்கே பிறந்தது.

பின்னணி இசை, சத்தம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே விதி வைத்திருந்தோம். இந்த அத்தியாயத்தைக் கேட்ட ஒரு மாணவி விடவில்லை. "தட்டினால் ஓசை மாறும் என்று பத்து வரி படிப்பதற்குப் பதில் ஒரு தடவை தட்டிக் காட்டலாமே" என்றார். டாக்டர் ஐயா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இடது கை நடுவிரலைத் தன் வலது மார்பில் அழுத்தி வைத்து, வலது கை விரல் நுனியால் அதன்மேல் தட்டினார். நுரையீரல் இருக்கும் இடத்தில் டொக் டொக் என்று கூடாக ஒலித்தது. ஒவ்வொரு விலா இடைவெளியாகக் கீழே இறங்கினார். கல்லீரல் தொடங்கும் இடத்தில் ஓசை சட்டென்று மந்தமானது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. விதியைத் தளர்த்தி அந்த ஓசையைச் சேர்த்தோம். பதிவைக் கேட்ட விடுதி மாணவர்கள் ராத்திரி ஒருவர் நெஞ்சை ஒருவர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி குரல் கொடுத்தவர்கள்.

காசநோய் அத்தியாயத்தை சிஸ்டர் படித்தார். பணிக்காலத்தில் பாதியைக் காசநோய் வார்டில் கழித்தவர். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: ஏழை நோயாளி, நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, இவர்கள் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் போய்த் தங்காமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பாடமே வைக்கலாம் என்பது என் கருத்து. "வீட்டில் இருந்தே" என்று சிஸ்டர் படிக்கும் இடத்தில் அவர் குரலில் ஒரு பெருமிதம் வரும், கவனித்துக் கேளுங்கள்.

டாக்டர் செம்மல்வைஸ் பற்றிய அத்தியாயத்தைப் படித்த தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். வியன்னா மருத்துவமனையில் பிரசவமான பெண்கள் காய்ச்சலில் மடிந்த கதை அது. பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவ அறைக்கு வந்தார்கள். 1847-ல் செம்மல்வைஸ் அவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தபின், நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு இரண்டு மாதத்தில் இரண்டுக்கு இறங்கியது. இதை வேறு யாராவது படிக்கட்டும் என்று எல்லோரும் சொன்னோம். "நானே படிக்கிறேன் அக்கா, எனக்கு இது தெரிய வேண்டும்" என்று சொல்லி மெதுவாக, நிதானமாகப் படித்து முடித்தார். தாயும் பிள்ளையும் நலம்.

கடை ஷட்டரை இறக்கிய பிறகு மருந்துக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து பெனிசிலின் அத்தியாயத்தைப் பதிந்த அண்ணனுக்கும், பல் கட்டிய மறுவாரமே மைக் முன்னால் உட்கார்ந்த தலைமையாசிரியை அம்மாவுக்கும், விடுமுறையை இதற்கே கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களை ஒவ்வொன்றாக உச்சரித்துக் குரல் செய்தியாக அனுப்பியவர் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அம்மா. யாழ்ப்பாண அத்தியாயத்துக்கு மானிப்பாயில் பிறந்து இப்போது டொரண்டோவில் இருக்கும் ஆசிரியை துணை நின்றார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தவர். அவருடைய மேற்பார்வையில் வந்த 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களின் நீண்ட வாக்கியங்களை எங்கே நிறுத்தி, எங்கே மூச்சு வாங்கிப் படிக்க வேண்டும் என்று ஆசிரியை வரிக்கு வரி படித்துக் காட்டினார். அங்கே நடுராத்திரி, இங்கே காலை. ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

எடிட்டிங் செய்த தம்பியின் வேலை யார் காதுக்கும் தெரியாது. சேவல், குக்கர் விசில், குல்பி ஐஸ் மணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இத்தனை பேர் குரலையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவந்தார். சாதாரண போனிலும் இடம் அடைக்காத அளவுக்குக் கோப்புகளைச் சிறிதாக்கினார். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வேண்டிய தலைப்புக்கு நேரே தாவிப் போக டெய்சி என்கிற ஒலிநூல் வடிவத்திலும் செய்து கொடுத்தார். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்த வீட்டார், மிக்ஸியைத் தள்ளிப்போட்ட அம்மாக்கள், நாங்கள் கேட்டதும் ரேடியோவைக் குறைத்த டீக்கடை அண்ணாச்சி, இவர்கள் எல்லோருக்கும் இந்த நூலில் பங்கு இருக்கிறது.

சித்த மருத்துவம் பற்றிய பகுதி போதவில்லை என்று கேட்ட மாணவர்கள் பலர் சொன்னார்கள். சரிதான், ஒரே அத்தியாயத்தில் அடக்குகிற விஷயமில்லை அது. அதைத் தனி நூலாக எழுதித் தர சித்த மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆடி கழிந்ததும் தொடங்கலாம். படிக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த முறை பிரதி எழுதும்போதே கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். விடுதித் தம்பி தங்கைகளே, வருகிறவர்கள் யார் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒலிநூல் குழுவுக்காக உங்கள் அக்கா