மோட்லராய்ட் ஊர்க்கதைக்கு கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

ஹோஃப்லயும் சுத்துப்பட்டுலயும் இருக்குற நம்மாளுங்க எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை மோட்லராய்ட்னு, ஜெர்மனி ரெண்டு நாடா இருந்த காலத்துல நடுவுல மதில் கட்டி பிரிச்ச குட்டி ஊருக்கு குடும்பம் குடும்பமா போயி, அந்த ஊர் வரலாறை தமிழ்லயே கேட்டுட்டு வந்தோம்ல, முன்னாடி நின்னு பேசினது நான்ங்கறதால எல்லாரும் வாட்ஸ்அப்ல எனக்கே கைதட்டிட்டு இருக்கீங்க, கூச்சமா இருக்கு. உண்மையா வேலை பாத்தவங்க யாருன்னு சொல்லிடறேன். பேரு போட வேணாம்னு பாதிப்பேர் சொல்லிட்டாங்க, அதனால யாரு பேருமே போடல, அவங்கவங்களுக்கு தெரியும்.

முதல் நன்றி மியூசியத்துல சுத்திக் காட்டின பெரியவருக்கு. நானும் தம்பியும் முன்கூட்டியே போயி அவர பாத்தப்ப ஒரு மணி நேரம்னுதான் பேச்சு, மனுசன் சாயங்காலம் வரைக்கும் விடல. எல்லாரையும் நேரா மதில்கிட்டதான் கூட்டிட்டு போவாங்கன்னு நெனப்போம்ல, இவரு ஊர் நடுவுல ஓடுற டன்பாக் ஓடைகிட்ட நிறுத்தினாரு. ஓடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, எட்டி ஒரு தாண்டு தாண்டினா அந்தப்பக்கம். அங்க 1810ல நட்ட எல்லைக்கல்லு பத்தி சொன்னாரு, ஒரு பக்கம் பவேரியா ராஜ்யத்தோட எழுத்து, இன்னொரு பக்கம் ராய்ஸ்னு ஒரு குட்டி சமஸ்தானத்தோட எழுத்து. அந்த வருசம்தான் ஓடைக்கு இந்தப்பக்கம் அடங்கின பைராய்ட் சீமைய நெப்போலியன்கிட்ட இருந்து பவேரியா ஒன்றரை கோடி ஃப்ராங்க் குடுத்து வாங்குச்சு, நிலம் கைமாறுனதும் கல்லு நட்டாங்க. ஊர்க்காரங்களுக்கு அதனால ஒரு கஷ்டமும் இல்ல. பள்ளிக்கூடமும் பீர் கடையும் ஓடைக்கு அந்தப்பக்கம், சர்ச் இந்தப்பக்கம் பவேரியாவுல, பக்கத்து ஊர் டோப்பன்ல. சாமி கும்பிட ஒரு தடவ தாண்டறது, பீர் குடிக்க திரும்ப ஒரு தடவ தாண்டறது, கிட்டத்தட்ட 140 வருசம் இப்படியே ஓடிருக்கு. 1920ல ராய்ஸ் துரிங்கியான்னு புதுசா உருவான மாநிலத்தோட சேந்துருச்சு, அப்பவும் யாரும் கண்டுக்கல.

நான் பேசினது பூரா இந்த ஒரு விசயத்த சுத்திதான், அது அவரு குடுத்தது. மதில் கட்டினவங்க கோடு புதுசா போடவே இல்ல, ஏற்கனவே கெடந்த கோட்டு மேல கட்டினாங்க, அவ்வளவுதான். ஜெயிச்ச நாடுங்க 1945ல ஜெர்மனிய பங்கு பிரிச்சப்ப பழைய மாநில எல்லையவே எடுத்துகிட்டாங்க, துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. மேப்புல பாத்தா சுலபமான வேலை, ஐம்பது பேரு இருக்குற ஊரு அந்த கோட்டுல மாட்டிக்கும்னு யாரு யோசிச்சா? சோவியத் படை மொதல்ல ஊர் முழுசையும் புடிச்சு உக்காந்து 1946லதான் ஓடைக்கு அந்தப்பக்கம் போச்சாம். 1949ல ரெண்டு நாடாயிடுச்சு, ஓடைக்கு இந்தப்பக்கம் மேற்கு ஜெர்மனி, அந்தப்பக்கம் கிழக்கு ஜெர்மனி, அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் பாஸ் வெச்சுகிட்டு போய் வந்துட்டுதான் இருந்தாங்க.

அடுத்து, ஓடைக்கு மேற்கால வீட்டுல இருக்குற பாட்டிக்கு. முன்னபின்ன தெரியாத எங்கள உள்ள கூப்பிட்டு காப்பியும் பிளம்ஸ் கேக்கும் குடுத்து, 1952க்கு அப்புறம் என்னாச்சுன்னு பொறுமையா சொன்னாங்க. அந்த வருசம் மே 26ல கிழக்கு ஜெர்மனி ஒரு உத்தரவு போட்டுச்சு, எல்லைய ஒட்டி 5 கிலோமீட்டருக்கு தடை, அதுல கடைசி 500 மீட்டர் இன்னும் கெடுபிடி, எல்லைமேலயே 10 மீட்டர் அகலத்துக்கு நிலத்த உழுது போட்டுட்டாங்க, எவனாவது ஓடினா கால்தடம் தெரியணும்ல அதுக்கு. ஜூன் மாசம், நம்பிக்கை இல்லாதவங்கன்னு முத்திரை குத்தின குடும்பங்கள எல்லை நெடுகவும் வீட்ட காலி பண்ண வெச்சு உள்நாட்டுக்கு ஏத்தி அனுப்பினாங்க. அதுக்கு அதிகாரிங்க தங்களுக்குள்ள வெச்ச பேரு ‘புழுபூச்சி நடவடிக்கை’. மனுசங்களுக்கு! நான் அத பேச்சுல சொன்னப்ப எல்லாரும் சத்தமில்லாம ஆனீங்க, எனக்கும் அங்க கொஞ்ச நேரம் வார்த்தை வரல.

மொதல்ல ஆளுயர பலகை வேலி, அப்புறம் முள்வேலி, 1966ல 700 மீட்டர் நீளத்துக்கு காங்கிரீட் மதில், 3.3 மீட்டர் உயரம். பெர்லின் மாதிரியே மதில் ஊர ரெண்டா பிரிச்சதால அமெரிக்க சோல்ஜருங்க இந்த ஊருக்கு வெச்ச பேருதான் லிட்டில் பெர்லின். கிழக்குப்பக்கம் இருக்குறவங்க மேற்குப்பக்கம் பாத்து கையாட்டக்கூட கூடாது. சொந்தக்காரங்க கண்ணுக்கு எதுத்தாப்புல நடமாடுவாங்க, இங்க இருந்து இவங்க கையாட்டுவாங்க, அவங்க பாக்காத மாதிரி குனிஞ்சுகிட்டு வேலைய பாப்பாங்க. அவங்க மேல கோவம் வரலையான்னு அக்கா ஒருத்தங்க கேட்டதுக்கு பாட்டி சிரிச்சுட்டு, குனியிறத வெச்சே நல்லா இருக்காங்களா இல்லையான்னு கண்டுபுடிச்சிருவோம்னாங்க. பாட்டி, நீங்க இத படிக்கப்போறதில்ல, உங்க பேத்திகிட்ட அர்த்தம் சொல்லச் சொல்லிருக்கேன்.

அந்த பாட்டி பேச்சு சுத்தமா ஊர்ப்பேச்சு, நான் படிச்ச பி2 ஜெர்மன் அங்க செல்லாக்காசு. கூட வந்து வரிக்கு வரி எடுத்துச் சொன்ன என் ஆபீஸ் நண்பருக்கு தனி நன்றி, அவரு ப்ளாவன் பக்கத்து ஆளு, லீவு நாள எங்களுக்காக விட்டுக்குடுத்தாரு. நாங்க பாத்த, பழைய ஜெர்மன் கையெழுத்துல இருந்த பக்கங்களையும் அந்த நண்பரோட அம்மாதான் படிச்சு குடுத்தாங்க, இப்ப இருக்குற ஜெர்மன்காரங்களே பாதிப்பேரு அத படிக்க முடியாம முழிக்கிறாங்க.

நம்ம மேனேஜ்மென்ட் படிக்கிற தம்பி ஒருத்தரு தேதியெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவ சரி பாத்து குடுத்தாரு. அவரு இல்லன்னா நான் சுவாரசியத்துக்கு நாலு கதைய சேத்து விட்டிருப்பேன், அந்த குணம் எனக்கு உண்டு. 1973ல ஒருத்தரு ராத்திரில வண்டிய மதிலோரமா கொண்டுபோயி, ஏணி போட்டு தாண்டினது நெசம், இந்த ஊர் மதில தாண்டி தப்பிச்சது அவரு ஒருத்தருதான். 1983 பிப்ரவரில அப்ப அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த ஜார்ஜ் புஷ் வந்து, நான் ஒரு பெர்லின்காரன்னு ஜனாதிபதி கென்னடி பெர்லின்ல பேசின தோரணையில நானும் ஒரு மோட்லராய்ட்காரன்னு சொன்னதும் நெசம். பெர்லின்ல நவம்பர் 9 ராத்திரியே கதவு தொறந்துருச்சு, இங்க நடந்து போறதுக்கு வழி தொறந்தது 1989 டிசம்பர் 9. ஒரு மாசம் முழுசா காத்திருந்திருக்காங்க, டிவில பாத்துட்டே. 1990 ஜூன் 17 புல்டோசர் வந்து மதில இடிச்சுது, 100 மீட்டர் போல மட்டும் மியூசியத்துக்காக விட்டு வெச்சாங்க. அந்த முடிவு எடுத்தவங்களுக்கும் ஒரு நன்றி, ஏன்னா வெறுப்புல முழுசையும் ஒடச்சிருந்தா நம்ம பசங்களுக்கு காட்ட ஒண்ணும் இருந்திருக்காது.

பசங்கன்னதும் ஞாபகம் வருது, ரெண்டாவது படிக்கிற நம்ம குட்டிப்பாப்பா கேட்ட கேள்விதான் அன்னைக்கு டாப். மதில் போச்சுல்ல மாமா, அப்ப இப்ப ஒரே ஊரான்னு கேட்டுச்சு. இல்ல பாப்பா, இன்னும் ரெண்டுதான். ஓடைக்கு இந்தப்பக்கம் டோப்பன் பஞ்சாயத்து, அந்தப்பக்கம் கெஃபெல் டவுன். மேயர் வேற, பின்கோடு வேற, போன் கோடு வேற, வண்டி நம்பர் வேற. ஜனவரி 6 இங்க லீவு, அங்க வேலை நாளு, அக்டோபர் 31 அங்க லீவு, இங்க இல்ல. ஊர்க்காரங்க யாரும் இத மாத்தச் சொல்லி நிக்கல, 1810லயும் இப்படித்தான இருந்துச்சு. பெரியவர்கிட்ட இந்த கேள்விய சொன்னேன், ரொம்ப ரசிச்சாரு, அடுத்த தடவ வந்தா பாப்பாவே கல்லு பக்கத்துல நின்னு பேசட்டும்னாரு.

சாப்பாட்ட மறந்தா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. புளியோதரையும் தயிர்சாதமும் அத்தன பேருக்கும் விடியக்காலைல எந்திரிச்சு கட்டிக் குடுத்த மூணு அக்காங்களுக்கு, கார் இல்லாதவங்கள ரெண்டு ட்ரிப் அடிச்சு கூட்டிட்டு போன அண்ணனுக்கு, மைக் குடுத்த யுனிவர்சிட்டி பசங்களுக்கு, ஊர் ஜனத்தொகைக்கு சமமா ஒரு கூட்டம் திடீர்னு வந்து எறங்கினாலும் முகம் சுளிக்காம வண்டி நிறுத்த எடம் காட்டின ஊர்க்காரங்களுக்கு, எல்லாருக்கும் மனசார நன்றி. யாரையாவது விட்டிருந்தா உரிமையா திட்டுங்க, கீழ சேத்துடறேன்.

அப்புறம் ரெண்டு எவர்சில்வர் டிபன் டப்பாவும் ஒரு நீலக்கலர் குழந்தை ஜாக்கெட்டும் என் வீட்டுல கெடக்கு, யாருதுன்னு சொல்லிட்டு வந்து வாங்கிக்கோங்க.