மணி போய்விட்டான்

அன்புள்ள வசந்தி,

எப்படி இருக்கிறாய், கோயம்புத்தூரில் மழை உண்டா என்றெல்லாம் ஆரம்பிக்க மனசு வரவில்லை. மணி போய்விட்டான். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருக்கலாம், ஆனால் உனக்கு மட்டும் கடிதமாகத்தான் எழுதவேண்டும் என்று இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் வாந்தி எடுத்தான், ரத்தம் பார்த்தோம், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு 2.4. நாய்களுக்கு ஒன்றரைக்குள் இருக்கவேண்டுமாம். சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்திலேயே தெரியும் என்றார் டாக்டர். மருந்து, தனிச் சாப்பாடு என்று ஜூன் வரை ஓட்டினோம். அப்புறம் ஒரே வாரத்தில் 9-ஐத் தாண்டிவிட்டது. வாயெல்லாம் புண், மூச்சில் மூத்திர வாடை. தினமும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்றினோம். முதல் நாள் மூன்று ஆட்டோக்காரர்கள் நாய் என்றதும் கிளம்பிவிட்டார்கள், நாலாவது ஆள் தன் தோள் துண்டையே எடுத்து சீட்டில் விரித்தார். முன்னங்காலில் சதுரமாக மயிரை வழித்து, டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் குழாயைக் குத்தியிருந்தார்கள். அதை நக்கிப் பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, இனிமேல் ஏற்றினால் அது உங்கள் திருப்திக்குத்தான், அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, தூங்க வைத்துவிடலாம் என்றார். பையனுக்குப் போன் போட்டேன். "வெள்ளிக்கிழமை காலையில வந்துடுறேன்மா, அதுவரைக்கும் வை" என்று புனேயிலிருந்து அழுகிறான். நானும் சரி என்றேன்.

அந்த நாலு ராத்திரிதான் வசந்தி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. படுத்தால் வலி, நின்றால் கால் வழுக்குகிறது. பதின்மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவன். விடியற்காலை மூன்று மணிக்கு வாசல் கதவுவரை நடக்கப் பார்த்து, முடியாமல், கூடத்திலேயே போய்விட்டான். நான் துடைத்து முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே நின்றான். வெள்ளிக்கிழமை பையன் உள்ளே வந்ததும் வாலை இரண்டு தடவை தரையில் தட்டினான். அந்த இரண்டு தட்டலுக்காக அவனை நாலு ராத்திரி வைத்திருந்தேன். திங்கட்கிழமையே விட்டிருந்தால் பையன் என்னை மன்னித்திருப்பானா, தெரியவில்லை. மணியிடம்தான் நான் கேட்கவே இல்லை.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கட்டும், நாம யாரு?" என்று ஒரே பேச்சு. உனக்குத்தான் தெரியுமே, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தை படகில் ஏறும்வரைக்கும் அவன் மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை, அன்றிலிருந்து அவன் அத்தையின் நாய். வியாழன் ராத்திரி முழுக்க அவன் விலாவில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும், "கூட்டிட்டுப் போங்க, நானும் வர்றேன்" என்றார்.

வேப்பேரியில் நல்ல கூட்டம். இவருக்கு மனசு தாங்காத நேரத்தில் வாய் பேசிக்கொண்டே இருக்கும். இந்த ஆஸ்பத்திரி இருக்கிற கால்நடைக் கல்லூரியே 1903-இல் சைதாப்பேட்டையில் டாபின் ஹாலில்தான் ஆரம்பித்தது, இரண்டு வருஷம் கழித்துத்தான் இங்கே வந்தது, நம்ம மணியும் சைதாப்பேட்டைதானே என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். 2012-இல் அங்கே அரசு நாய்ப் பண்ணையில் அந்தச் சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கும்போது நீயும் கூட இருந்தாய். எலும்பும் தோலுமாக இருக்கிறதே, இதையா வாங்கப் போகிறாய் என்று சிரித்தாயே.

முதல் ஊசி மயக்கத்துக்கு. அடுத்ததைப் போடப் போகும்போது அத்தை, "கொஞ்சம் இருங்க தம்பி" என்று பையிலிருந்து பாலாடையை எடுத்தார். என் பையனுக்குப் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடை. ஒரு சின்ன பாட்டிலில் பாலும் கொண்டுவந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. உதட்டு ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு விரலால் தடவினார். அந்தச் சின்ன வயசு டாக்டர் ஊசியைப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கண் மூடவில்லை. அத்தை விரலால் மூடிவிட்டார், திரும்பத் திறந்துகொண்டது. நாய்களுக்கு அப்படித்தான் இருக்கும், மூடாது பாட்டி என்றார் டாக்டர் மெதுவாக.

இந்த ஊரில் ஃபிளாட்டில் இருப்பவர்கள் எங்கே புதைப்பது? மதுராந்தகத்தில் நாத்தனார் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஜிஎஸ்டி ரோடு முழுக்க பையன் மடியில் தலை. நல்ல ஆழமாக வெட்டி, உப்புப் போட்டு மூடினோம்.

இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், "வேற ஒண்ணு வாங்கிக்கோங்க, சரியாயிடும்." நேற்று கீழ்வீட்டு அம்மா சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஜூலி போனபோது நீ போனில் அழுதாயே, அன்றைக்கு நான் உன்னிடம் சொன்ன வார்த்தையும் இதேதான். குக்கர் விசில் வருகிறது என்று பாதியில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ ஜூலி பேச்சையே என்னிடம் எடுத்ததில்லை, நானும் கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் அதை மனசில் வைத்துக்கொண்டா என்னோடு பேசிக்கொண்டிருந்தாய்? என்னை மன்னித்துவிடுடி.

ஆடி முடிந்து இங்கே வருவதாகச் சொன்னாயே, கட்டாயம் வா, இரண்டு நாளாவது தங்கு. ஜூலியின் போட்டோ இருந்தால் எடுத்துக்கொண்டு வா. அவளுடைய கடைசி நாள் எப்படிப் போனது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது, முழுக்கச் சொல்லு.

உன்,
சாந்தி