ஒற்றை வரிக் கொட்டேசன் போதாது: கூரை வேலை எடுக்கும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

கனடாவில் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்டன் பக்கங்களில் தமிழில் விளம்பரம் போட்டுக் கூரை வேலை எடுக்கும் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் உங்களைத் தேடி வருவதற்கு விலை மட்டும் காரணமில்லை. தமிழில் நாலு கேள்வி கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும் என்ற நம்பிக்கையும்தான். ஆனால் கடைசியில் கையில் வரும் தாளில் இருப்பது ஒரே வரி: "பழைய சிங்கிள்ஸ் கழற்றி, புதிது போடுதல்." அதற்குக் கீழே ஒரு தொகை. பல நேரம் அந்தத் தாளும் இல்லை, வாட்ஸ்அப்பில் தொகை மட்டும்.

நான் கேட்பது இதுதான். சிங்கிள்ஸுக்கு, அதாவது கூரைமேல் அடிக்கும் தார்த் தகடுகளுக்குக் கீழேயும் பக்கத்திலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அந்தத் தாளில் எழுதுங்கள். வேலை முடிந்தபின் எங்கள் கண்ணுக்குத் தெரிவது நிறம் மட்டும்தானே.

"வாழ்நாள் உத்தரவாதம்" என்று சொல்லித்தான் இப்போது எல்லோரும் விற்கிறீர்கள். அந்த உத்தரவாதம் பொருளில் உள்ள குறைக்குத்தான். முதல் சில வருடங்களுக்கு முழுதாக இருக்கும், அப்புறம் வருடா வருடம் தேயும். ஆணி தப்பான இடத்தில் அடித்திருந்தாலோ, அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியில்) காற்றோட்டம் போதாமல் இருந்தாலோ, சிங்கிள்ஸ் செய்த கொம்பனி கையை விரித்துவிடும். அதாவது உத்தரவாதம் நிற்பதும் விழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. இதை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை.

விலை சொல்லுமுன் அட்டிக்குள் ஏறிப் பாருங்கள். ஏணி வைத்து மேலே போய்க் கூரையை அளந்துவிட்டு, அட்டிக் மூடியைத் திறக்காமலே போகிறவர்கள்தான் அதிகம். ஜனவரியில் டோர்ச் அடித்துப் பார்த்தால், மரச்சட்டத்தில் படாமல் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணிமுனை ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாக உறைபனி தொங்கும். பக்கத்தில் குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் இன்சுலேசனுக்கு மேலேயே படுத்திருக்கும். குளித்த ஆவி முழுக்க அங்கேதான். புட்டு அவிக்கிற, பொரிக்கிற எங்கள் குசினிகளின் விசிறியையும் அட்டிக்கோடு முடித்து வைத்த வீடுகள் உண்டு; அங்கே ஆவியோடு எண்ணெயும் சேரும். பெப்ரவரியில் ஒருநாள் வெயில் சூடேறியதும் அந்த உறைபனி உருகிப் படுக்கையறைச் சீலிங்கில் மஞ்சள் வட்டமாக இறங்கும். வீட்டுக்காரர் "கூரை ஒழுகுது" என்று கூப்பிடுவார். யாராவது வந்து சிங்கிள்ஸ் மேல் தார் பூசிவிட்டு முந்நூறு டொலர் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த பெப்ரவரியிலும் அதே வட்டம்.

ஒன்ராறியோ கட்டட விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். சாதாரண சரிவுள்ள கூரைக்கு, இன்சுலேசன் போட்ட சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும். அதில் குறைந்தது கால்வாசி மேலேயும் கால்வாசி கீழேயும் இருக்க வேண்டும். 1,200 சதுர அடிச் சீலிங் என்றால் 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். பாதியை மேலே வைத்தால், 50 சதுர அங்குலம் தரும் பெட்டி வென்ட் (கூரைமேல் வைக்கும் காற்றுப் பெட்டி) ஆறு தேவை. பழைய இரண்டைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் புதிது இரண்டை வைத்துவிட்டுப் போவது என்ன கணக்கு? கீழேயும் பாருங்கள். பழைய பங்களாக்களில் கூரை விளிம்பின் அடிப்பக்கத்தை மூடும் ஓட்டை போட்ட அலுமினிய சொஃபிட் அழகாக இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 1960-களின் பலகை ஓட்டையே இல்லாமல் அப்படியே மூடிக் கிடக்கும். பலகை திறந்திருந்தால், பிற்காலத்தில் ஊதி நிரப்பிய இன்சுலேசன் போய் அடைத்திருக்கும். இந்த நிலையில் மேலே எத்தனை வென்ட் வைத்தாலும் காற்று எங்கிருந்து வரும்?

கூரை விளிம்பில் ஐஸ் கட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கதைதான். வீட்டுச் சூடு அட்டிக்குள் கசிந்து மேலே பனியை உருக்குகிறது. தண்ணீர் வழிந்து, குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து அணை கட்டுகிறது. பின்னால் தேங்கும் தண்ணீர் சிங்கிள்ஸுக்கு அடியால் ஏறுகிறது. அதற்காகத்தான் சிங்கிள்ஸுக்கு அடியில், விளிம்பில் ஒட்டும் தண்ணீர் புகாத விரிப்பு. விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலேறி, சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி இன்னொரு 300 மில்லிமீற்றர் போக வேண்டும் என்கிறது விதி. கூரை இரண்டு அடி வெளியே நீண்ட வீட்டுக்கு மூன்றடி அகல ரோல் ஒரு வரிசை போட்டால் அது சுவரைத் தாண்டி அவ்வளவு தூரம் எட்டாது. "ஒரு வரிசையா, இரண்டு வரிசையா" என்று தாளில் எழுத உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

ஆணியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. ஆனால் 2022 மே 21 புயற்காற்றுக்குப் பிறகு எங்கள் தெருவில் விழுந்து கிடந்த சிங்கிள்ஸ் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். ஆணி ஓட்டை, ஆணி அடிக்கச் சிங்கிளில் குறித்திருக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே. இரண்டு படைச் சிங்கிளில் அப்படி அடித்தால் ஒரு படையைத்தான் அது பிடிக்கும். நவம்பர் கடைசியில் வேலை செய்தால் ஒட்டுப்பட்டை வெயில் காணாமல் ஒட்டாது, கையால் பசை வைக்க வேண்டும். அதையும் எழுதுங்கள்.

பழையதற்கு மேலேயே அடித்துவிடலாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அடியில் பலகை உக்கிக் கிடக்கிறதா என்று பார்க்கிற ஒரே சந்தர்ப்பமும் அதோடு போய்விடும். கழற்றியபின் ப்ளைவுட் மாற்ற வேண்டி வந்தால் ஒரு ஷீட் எவ்வளவு என்பதை முன்னமே எழுதுங்கள். கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை இருட்டும்போது விலை பேசுவது நியாயமில்லை.

அப்புறம் இந்த "ரக்ஸ் இல்லாமல் காசாகத் தாங்கோ" விஷயம். 13 வீதம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கேட்பதும் பாதி நேரம் வீட்டுக்காரர்தான். ஆனால் தாள் இல்லாத வேலையில் இரண்டு பக்கமும் நட்டம். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம் என்பதும், ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்பதும் ஒன்ராறியோவின் நுகர்வோர் சட்டம். காசைக் கொடுத்துவிட்டுத் தாள் இல்லாமல் இதை யாரிடம் போய்க் காட்டுவது? 2018-இல் வீட்டு வாசலில் வந்து விற்கத் தடை செய்த பட்டியலில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், தண்ணீர் சூடாக்கி எல்லாம் இருக்கின்றன, கூரை இல்லை. அதனால் ஒப்பந்தத் தாள்தான் இருக்கிற ஒரே பிடி.

உங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். கட்டட வேலைக்கு டபிள்யூஎஸ்ஐபி காப்பீடு (வேலையில் அடிபட்டால் கிடைக்கும் ஒன்ராறியோக் காப்பீடு) 2013 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான தனியாள் ஒப்பந்தக்காரருக்கும் கட்டாயம்; வீட்டுக்காரர் நேரடியாகக் கூப்பிடும் வீட்டுத் திருத்த வேலை மட்டுமே செய்யும் தனியாளுக்குத்தான் விலக்கு. பள்ளிக்கூட லீவில் வந்து கயிறும் பட்டியும் இல்லாமல் இரண்டாம் மாடி முகட்டில் நிற்கிற பொடியனைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. விலையில் அந்தப் பாதுகாப்புக்கும் சேர்த்துப் போடுங்கள். ஏன் கூட என்று கேட்டால் விளக்கம் சொல்லுங்கள்.

வேலை முடிந்து போகும்போது வீட்டுக்காரருக்குத் தமிழில் சில விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள். இலை கொட்டி முடிந்ததும் பீலியைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். ஐஸைச் சவளால் கொத்த வேண்டாம், பாசிக்குப் பிரஷர் வாஷ் அடிக்க வேண்டாம், மேலே உள்ள மணல் கழன்றால் வெயில் தாரைத் தின்றுவிடும் என்று சொல்லுங்கள். கழிவுக்குழாயைச் சுற்றிய ரப்பர் சிங்கிள்ஸுக்கு முன்னமே வெடிக்கும். தமிழ்ச் சனல் பார்க்க ஒரு காலத்தில் கூரையில் முறுக்கி வைத்த டிஷ்களின் ஓட்டைகள் இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. புதிய கூரையில் யாரும் இனி அப்படித் துளைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெறும் பலகையாக இருக்கும்போது ஒரு படம், விரிப்புப் போட்டதும் ஒரு படம், புகைபோக்கியைச் சுற்றித் தகரம் வைத்ததும் ஒரு படம். ஃபோனில் எடுத்து அனுப்ப உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. இந்த வருடம் எங்கள் தெருவில் மூன்று கூரைகள் மாற வேண்டியிருக்கின்றன. இத்தனையையும் தாளில் எழுதித் தருகிறவர் விலை கொஞ்சம் கூடச் சொன்னாலும், அவருடைய நம்பரை மூன்று வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபுரோவிலிருந்து ஒரு வீட்டுக்காரன்