அப்பாவுக்காக ஓடி வந்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம்.

வெயிலில் வேலை செய்யும்போது ஹீட் ஸ்ட்ரோக் (கடும் வெப்பத் தாக்கு) வந்து விழுந்த அப்பா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். கிட்னி, ஈரல் எல்லாம் சோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீங்கள் உடம்புச் சூட்டை இறக்கியதால்தான் பிழைத்தார் என்று டாக்டரே சொன்னார்.

முதல் நன்றி வங்காளதேசத்துத் தம்பிக்கு. (யாராவது இதை அவருக்கு மலாயில் சொல்லுங்கள்.) செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கால் தள்ளாடுகிறது என்று கவனித்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கூப்பிட்டவர் அவர்தான். அப்போதும் அப்பாவுக்கு வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது. வேர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நினைக்கிறோம். வெயிலில் பாடுபடுகிறவர்களுக்கு வேர்க்கும்போதே அது வந்துவிடும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரெசர் ஐயா, உங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. லோரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடலாம் என்று எல்லாரும் பதறியபோது, "999-க்குப் போன் அடி, ஆனா மொதல்ல உடம்பக் குளிர வை" என்று அதட்டினீர்களாம். சட்டையைக் கழற்றி, டிரம் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, அட்டையால் விடாமல் விசிறச் சொன்னீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்ததும் நீங்கள்தான். ஊற்றியிருந்தால் மூச்சுக்குழலில் இறங்கியிருக்கும். செண்டோல் (ஐஸ் போட்ட இனிப்பு) கடை அக்கா ஐஸ் பெட்டியோடு ஓடிவந்து கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்தார். அன்றைய வியாபாரமே போச்சு. காசு கொடுத்தால் வாங்க மறுக்கிறார்.

மண்டோர் அண்ணே, இப்போது வேலையை விடியலிலேயே தொடங்கி உச்சி வெயிலுக்குள் முடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். ரொம்ப நன்றி. 34 டிகிரிதானே என்று நம் ஊரில் அலட்சியமாக இருக்க முடியாது. காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, உடம்பும் ஆறாது. நீண்ட லீவு முடிந்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் பாதி வேலை கொடுங்கள். உடம்பு மறுபடி வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அப்பாவும் லீவு முடிந்து வந்த கையோடு வேலைக்கு இறங்கியவர்தான்.

டிரெசர் ஐயா, உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பா நச்சரிக்கிறார். கொஞ்ச நாளைக்கு வெயிலில் தலைகாட்டக் கூடாதாம். ஒருநாள் சாயங்காலம் அழைத்து வருகிறோம்.