பனி தாங்கும் பனை: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் குமாவுன் பனைக் கன்று ஒன்றை நடலாமா, மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும் உங்கள் ஊர்க் குளிரை அது தாங்குமா என்று கேட்டு எழுதியிருந்தாய். தாராளமாக நடலாம். ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் பனை வளர்ப்பவர்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துக் கவலைப்படும் அளவுக்குக் குருத்துக்குள் இறங்கும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வெறுங்குளிரில் பட்டுப்போகும் பனைகளைவிட, குளிரும் ஈரமும் சேர்ந்து குருத்தழுகிச் சாகும் பனைகளே அதிகம் என்பது என் எண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே நடுவது, எப்படி மூடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் அந்த மரம் பிறந்த இடத்தை நினைத்துப் பார். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில், பித்தோராகட்டுக்கு அருகிலுள்ள தல்கேதார் மலைப்பகுதியில், சுமார் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளில், ஓக் மரக் காடுகளுக்கிடையே அது வளர்கிறது. குமாவுனிலிருந்து வந்த விதைகளைத் ஃபிளாரன்ஸ் நகரில் வளர்த்துப் பார்த்த இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி, 1905இல் அதற்கு டிராக்கிகார்பஸ் டாகில் என்று பெயரிட்டார். இயற்கையில் அது மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அந்தச் சரிவுகளில் குளிர்காலத்தில் பனி விழும். ஓலைகள் வெண்மையாக மூடப்பட்டும் மரம் நிற்கும். ஆனால் அங்கே பெருமழை கோடையில் பெய்கிறது, அதாவது மரம் வேகமாக வளர்ந்து நீரைக் குடிக்கும் பருவத்தில். சரிவு நிலமாதலால் பெய்த நீரும் வேரடியில் நிற்காமல் இறங்கிவிடுகிறது. உங்கள் ஊரிலோ, நீ எழுதியதைப் பார்த்தால், இலையுதிர் காலம் தொடங்கி மாதக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கிறது. மரத்துக்குப் பழக்கமில்லாதது அந்த ஈரக்குளிர்தான்.

கன்று வாங்குவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தப் பெயரில் விற்கப்படும் கன்றுகளில் பல, உண்மையில் அதன் நெருங்கிய உறவான ஃபார்ச்சூன் பனையாக இருக்கின்றன. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் சீனாவிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய அந்தப் பனை, குளிர் நாட்டுத் தோட்டங்களில் இப்போது சாதாரணமாகக் காணப்படுவது. சிறு வயதில் இரண்டையும் பிரித்தறிவது ஏறக்குறைய இயலாத காரியம்; முளைத்து வரும் முதல் இலைகள் இரண்டிலும் புல்லைப் போன்ற ஒற்றைப் பட்டைகளே, விசிறி வடிவம் வரவே சில ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பிறகு பன்னாடையை, அதாவது மட்டையடியில் தண்டைச் சுற்றியிருக்கும் நார்வலையைப் பார்க்க வேண்டும். ஃபார்ச்சூன் பனையில் அது தளர்ந்து, சடையாகத் தொங்கித் தண்டையே மறைத்துவிடும். குமாவுன் பனையில் குட்டையாகவும் இறுக்கமாகவும் தண்டோடு ஒட்டியிருக்கும். ஓலையின் பிளவுகளும் ஏறத்தாழப் பாதி ஆழம்வரை ஒழுங்காக வெட்டியெடுத்ததுபோல் இருக்கும். இளம் பருவத்தில் தண்டு நேராக எழாமல் சற்றுச் சாய்ந்தே தொடங்கும் என்ற குறிப்பும் உண்டு. அப்படிச் சாய்ந்தால் கம்பு நட்டு நிமிர்த்திக் கட்டிவிடாதே. விதை எந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லத் தெரிந்த நாற்றங்காலில், விதையிலிருந்து வளர்த்த கன்றாக வாங்கு. காட்டிலிருந்து பெயர்த்தெடுத்த செடி என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதை வாங்கவே வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் பத்தாண்டு கழித்து அது ஃபார்ச்சூன் பனை என்று தெரிய வந்தால் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அதுவும் அழகான மரம், உங்கள் குளிருக்குச் சளைக்காதது.

இனிக் குருத்துக்கு வருகிறேன். நீ தாவரவியல் படிக்கவில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாமரமோ வேம்போ ஒரு கிளையை இழந்தால் வேறொரு மொட்டிலிருந்து துளிர்க்கும். தண்டில் காயம் பட்டால் காலப்போக்கில் மூடிக்கொள்ளும். கிளைக்காத ஒற்றைத் தண்டுப் பனைக்கு அந்த வசதி கிடையாது. தண்டைப் பருக்கச் செய்து காயத்தை மூடும் வளர்படலம் அதற்கு இல்லை. உச்சியில், மட்டைகளின் அடிகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடத்துக்குள் புதைந்திருக்கும் ஒரே ஒரு வளர்நுனிதான் அதன் உயிர். இனி வரப்போகும் ஓலைகள் அத்தனையும் அங்கிருந்தே பிறக்க வேண்டும். அதைச் சுற்றிலும் புனல்போல் அமைந்த மட்டைகளுக்கு நடுவே மழைநீர் இறங்கித் தேங்கி, இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறையும்போது இளந்திசுக்கள் கிழிகின்றன. கிழிந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன. வெளி ஓலைகள் பச்சையாகவே இருக்க, உள்ளே அழுகல் நடந்துகொண்டிருக்கும்; அதனால்தான் இந்த நோய் வந்தது வெகு நாள் தெரிவதில்லை.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலை மட்டும் பார்க்காதே. தெற்குப் பார்த்த சுவரின் அருகாமை நல்லது, பகல் வெப்பத்தைச் சுவர் வைத்திருந்து இரவில் கொடுக்கும். ஆனால் கூரையிலிருந்து நீர் சொட்டும் கோட்டுக்கு நேர்க் கீழே நட்டால் அந்த நன்மை முழுதும் வீணாகிவிடும். வாடைக்காற்று நேராக மோதும் மூலையும் வேண்டாம். நிலம் உறைந்திருக்கும் நாட்களில் வேரால் நீரை எடுக்க முடியாது, காற்றோ ஓலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். களிமண் நிலமானால் குழிக்குள் மணல் கொட்டி நிரப்புவதால் பயனில்லை, சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து நீர் அந்தக் குழிக்குள்தான் வந்து சேரும். தரையை மேடாக உயர்த்தி அதன்மேல் நடுவதே சரி. நடும் காலம், கடைசி உறைபனி முடிந்து மண் சூடேறிய பிறகு. அப்போதுதான் குளிர் வருமுன் வேரூன்ற முழுக் கோடையும் கிடைக்கும். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வை, தூரைக் கூடுதலாகப் புதைக்காதே.

மாப்பிள்ளை முதல் குளிர்காலத்திலேயே பாலித்தீன் உறையால் மரத்தை முழுக்கச் சுற்றிவிடலாம் என்று சொல்வதாக எழுதியிருந்தாய். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் நான் வேண்டாம் என்றேன் என்று சொல். பாலித்தீனுக்குள் மரமும் மண்ணும் விடும் ஈரம் வெளியேற வழியின்றி நீர்த்துளிகளாகப் படிந்து குருத்துக்குள்ளேயே வடியும். வெயிலடிக்கும் பகலில் உள்ளே சூடேறி இரவில் சட்டென்று இறங்கும். எந்த ஈரத்துக்கு நாம் அஞ்சுகிறோமோ அதை நாமே உள்ளே வைத்துத் தைப்பதாக முடியும். மேலே மட்டும் ஒரு சிறு கூரை போதும். நான்கு கம்புகளை நட்டு, அவற்றின்மேல் சாய்வாக ஒரு தகடோ கண்ணாடியோ பொருத்தி, பக்கங்களைத் திறந்தே விட்டுவிடுங்கள். வேரடியில் காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். கன்று இளையதாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில், கடுங்குளிர் அறிவிக்கப்படும் இரவுகளில் மட்டும் ஓலைகளைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, காற்றுப் புகும் தோட்டத் துணியால் மூடி, குளிர் தணிந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் மேல் வெப்பம் தேவைப்பட்டால் பழைய இழை பல்புச் சரத்தைச் சுற்றலாம், எல்.ஈ.டி. சரத்தில் வெளிச்சம் கிடைக்குமே தவிரச் சூடு கிடைக்காது.

வசந்தம் வந்ததும் குருத்தைப் பரிசோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இன்னும் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும் நடுக்குருத்தின் மீதும், அதை ஒட்டிய மட்டையின் மீதும் சேர்த்து, அழியாத பேனாவால் குறுக்கே ஒரே கோடாகப் போடு. இரண்டு மூன்று வாரம் சூடான நாட்கள் கழிந்தபின் பார்த்தால், குருத்தின் மேலுள்ள கோட்டுத் துண்டு மட்டையின் கோட்டைவிட மேலேறியிருக்கும். இடைவெளி நகத்தளவே ஆனாலும் வளர்நுனி உயிரோடிருக்கிறது என்று நிம்மதியடையலாம். கோடு நகரவில்லை என்றால் குருத்தை மெல்லப் பிடித்து இழுத்துப் பார். அழுகியிருந்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வந்துவிடும், அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்து துர்நாற்றமடிக்கும். அப்போது மரத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதே. அழுகிய பகுதியை அகற்றி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அந்தக் குழிக்குள் ஊற்றி, நுரை அடங்கியதும் நீரை வெளியேற்றி, மழை படாமல் மூடி வை. வளர்நுனி அதற்கும் கீழே தப்பியிருந்தால் கோடையின் நடுவில் குறைபட்ட, நுனி வெட்டுண்ட ஓலையொன்று வெளிப்படும். அடுத்தடுத்து வருபவை முழுமையாக இருக்கும். கோடை முடியும்வரை இறந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொட்டாசியமும் மெக்னீசியமும் உள்ள மெதுவாகக் கரையும் உரத்தை வளரும் பருவத்தில் கொடு, கோடை முடிவில் நிறுத்திவிடு. மஞ்சளாகும் கீழோலைகளை அழகுக்காக வெட்டாதே. பொட்டாசியம் போதாதபோது மரம் அவற்றிலிருந்துதான் அதை எடுத்துப் புதிய ஓலைக்குக் கொடுக்கிறது. முழுதும் காய்ந்தவற்றை மட்டும் நறுக்கலாம்.

கன்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். நீ மனத்தில் வைத்திருக்கும் இடத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, இரண்டாவது முறை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்து எழுது. மழைச்சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதையும் மாப்பிள்ளையைக் கவனித்துச் சொல்லச் சொல். மேட்டை எவ்வளவு உயர்த்துவது, கூரையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை அவற்றைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா