இடம் காலியாக இருக்கும்போது பையனை ஏன் அனுப்ப வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். அமெரிக்க பேஸ்பால் அணியான சியாட்டில் மரினர்ஸ், கோல்ட் எமர்சன் என்ற இளைஞனைக் கொடுத்துவிட்டு அரிசோனாவின் கேட்டல் மார்ட்டேயை வாங்க வேண்டும் என்று ரசிகர்கள் பலர் சொல்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2025 தீபாவளியன்று விடியற்காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய எண்ணெய்க் குளியல், எங்கள் வீட்டில் பதினொரு மணி வரை தள்ளிப்போனது. காரணம் நான்தான். தலையில் எண்ணெய் ஊற, முறுக்கு டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். டொரொன்டோவில் அப்போது அக்டோபர் 19 இரவு, இங்கே சிங்கப்பூரில் 20ஆம் தேதி காலை. அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். என் அணியான சியாட்டில் மரினர்ஸ் மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது, டொரொன்டோ புளூ ஜேய்ஸ் இரண்டை. இன்னும் ஒன்றே ஒன்று வென்றால், கிண்ணத்துக்கான இறுதித் தொடரான உலகத் தொடர். 1977இல் ஆடத் தொடங்கிய அணி இது. மொத்தமுள்ள 30 அணிகளில் உலகத் தொடரில் ஒருமுறைகூட ஆடாத அணி இது மட்டும்தான்.

மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் நம் ஆட்கள் நின்றார்கள். ஒரே அடியில் இருவர் அவுட். நான்காவது இன்னிங்ஸிலும் மூன்று தளமும் நிறைந்தது, மறுபடியும் அதே கதை. "தண்ணி ஆறுது, குளிக்க வாங்க" என்று மனைவி கூப்பிட்டபடியே இருந்தார். 6-2 என்று தோற்றோம். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழாவது ஆட்டத்தையும் பார்த்தேன். 3-1 என்று முன்னணியில் இருந்தபோது ஏழாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பந்தை எல்லைக்கு வெளியே அடித்த ஒரு ஹோம் ரன்னில் மூன்று ஓட்டங்கள் போயின. 4-3, கதை முடிந்தது. அன்று மதியம் வரை நான் யாரோடும் பேசவில்லை.

சரி, தோல்வியைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. தீபாவளியன்று நம்மைத் தோற்கடித்தது யார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ட்ரே யெசவேஜ் என்ற 22 வயதுப் பையன். 2024இல்தான் டொரொன்டோ அவனைத் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரலில் ஆகக் கீழ்நிலை அணிகளில் ஒன்றில் டனீடன் என்ற ஊரில் பந்து வீசிக்கொண்டிருந்தான். செப்டம்பரில் மேல் அணிக்கு வந்தான், அக்டோபரில் எங்கள் கனவை முடித்தான். ஜூலையில், வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கிய நேரத்தில், எத்தனையோ அணிகள் அவனைக் கேட்டுப் பார்த்திருக்கும். டொரொன்டோ கொடுக்கவில்லை.

இப்போது என் அக்கா மகன் தினமும் எனக்குக் குரல்பதிவு அனுப்புகிறான். "மாமா, எமர்சனைக் கொடுத்துட்டு மார்ட்டேயை வாங்கட்டும், இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்கிறான். அவன் மட்டுமல்ல, இந்த 2025-26 குளிர்காலம் முழுக்க மரினர்ஸ் ரசிகர்களில் பாதிப் பேரின் பேச்சு இதுதான். அரிசோனா அணியின் கேட்டல் மார்ட்டே அருமையான ஆட்டக்காரர், மறுக்கவில்லை. 2023இல் இன்னொரு பிரிவான நேஷனல் லீக்கின் இறுதிச் சுற்றில் சிறந்த வீரர். ஆனால் அவருக்கு 32 வயது ஆகிவிட்டது. அதோடு, அவர் எங்கிருந்து அரிசோனாவுக்குப் போனார் தெரியுமா? எங்களிடமிருந்துதான். 2016 நவம்பரில் 23 வயதில் அவரை அனுப்பிவைத்தோம். அதற்கு ஈடாக வந்த ஷீன் செகுரா, மிட்ச் ஹானிகர் இருவரும் நன்றாகவே ஆடினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இளைஞனாக அனுப்பிய ஒருவரை, இன்னோர் இளைஞனைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் இந்த அணியோடு ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னால்தான் என் கவலை புரியும். 34 ஆண்டுகளாக விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். 2003 ஜூலையில், சார்ஸ் ஓய்ந்த கையோடு, சியாட்டிலுக்கு வடக்கே உள்ள எவரெட் நகருக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, வெளிச்சமோ ஒன்பது மணி வரை இருக்கும். தங்கியிருந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய மைதானம். ஏறக்குறைய நம் யீஷூன் விளையாட்டரங்கம் அளவுதான். மரினர்ஸ் அணிக்காக இளையர்களைத் தயார்செய்யும் எவரெட் அக்வாசாக்ஸ் அணி அங்கே ஆடியது. டிக்கெட் மலிவு, போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் ஆட்டக் குறிப்புத்தாள், கையில் பென்சில். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவரே சொல்லித்தர ஆரம்பித்தார். மூன்றாவது முறையும் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டு அவுட்டானால் 'கே' என்று எழுத வேண்டும். வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுத வேண்டும். அன்று பந்து வீசியவன் வெனிசுவேலாக்காரன், 17 வயது, தொப்பியைக் கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தான். மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் அது விழும் சத்தம், தரையில் பலகையைப் போட்ட மாதிரி, நாங்கள் இருந்த வரிசை வரை கேட்டது. பெரியவரின் தாளில் 'கே'க்கள் நிறைந்துகொண்டே போயின. கிளம்பும்போது அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, "இந்தப் பெயரை மறக்காதே" என்றார். ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ்.

இரண்டே வருடத்தில், 2005 ஆகஸ்டில், 19 வயதில் அவர் மேல் அணிக்கு வந்தார். 2010இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது. 2012 ஆகஸ்ட் 15ஆம் தேதி எதிரணியில் 27 பேர் வந்து 27 பேரும் ஒரு தளத்தைக்கூடத் தொடாமல் திரும்பிய நிறைவான ஆட்டம். பணக்கார அணிகள் எப்போது வேண்டுமானாலும் அவரை வாங்கத் தயாராக இருந்திருக்கும். அவர் சியாட்டிலைவிட்டுப் போகவில்லை. 15 பருவம், 169 வெற்றி. ஆனால் பருவம் முடிந்து நடக்கும் கிண்ணச் சுற்றில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒன்றுகூட இல்லை. 2019 செப்டம்பரில் அவர் கடைசியாகக் களத்தைவிட்டு இறங்கியபோது அழுதார், இங்கே யீஷூனில் நானும் அழுதேன்.

ஏன் ஆடவில்லை? அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய பையன்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டோம். 2006 கோடையில் அஸ்த்ரூபால் கப்ரேராவையும் தென்கொரியாவின் சூ ஷின் சூவையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தோம். சூ 2020 வரை அமெரிக்காவில் ஆடி 218 ஹோம் ரன் அடித்தார். அவருக்குப் பதிலாக வந்த பென் புரூசார்டை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? எல்லாவற்றிலும் வலித்தது 2008 பிப்ரவரிதான். எரிக் பெடார்ட் என்ற ஒரே பந்து வீச்சாளருக்காக பால்டிமோருக்கு ஐந்து பேரை அனுப்பினார்கள். அதில் ஒருவர் ஆடம் ஜோன்ஸ். அங்கே 11 பருவம் ஆடினார், ஐந்து முறை ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் நட்சத்திர அணியில் இடம், நான்கு முறை சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது. கிறிஸ் டில்மன், ஜார்ஜ் ஷெரில் இருவரும்கூட ஆல்-ஸ்டார் ஆனார்கள். பெடார்ட் காயத்தோடு போராடினார், 2010 முழுவதும் அவரால் ஆடவே முடியவில்லை. அது அவர் தவறில்லை. ஆனால் பால்டிமோர் 2012, 2014, 2016 என்று கிண்ணச் சுற்றுக்குப் போய்க்கொண்டிருக்க, ஃபெலிக்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கும் முன்னால் 1997இல் டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் இருவரையும் பாஸ்டனுக்குக் கொடுத்து ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற பந்து வீச்சாளரை வாங்கிய கதை உண்டு. 2004இல் பாஸ்டன் 86 ஆண்டுக்குப் பிறகு கிண்ணம் வென்றபோது மூன்று சுற்றுகளிலும் கடைசி வெற்றி பந்து வீச்சாளர் லோவின் கணக்கில்தான் விழுந்தது.

பையன்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பேஸ்பால் பழக்கமில்லாத வாசகர்கள் கேட்கலாம். ஒருவர் மேல் அணிக்கு வந்தபின் ஏறத்தாழ ஆறு பருவங்கள் அவர் அந்த அணியின் ஆள்தான். 2026இல் குறைந்தபட்சச் சம்பளம் 780,000 அமெரிக்க டாலர். நமக்கு அது பெரிய பணம், ஆனால் நட்சத்திரங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று கோடி டாலர் வாங்கும் இடத்தில் அது சில்லறை. ஆக, நல்ல பையன் ஒருவன் கிடைத்தால் ஆறு வருடத்துக்குக் கவலையில்லை. ஆனால் பொறுமை வேண்டும். கால் ராலீயை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் மூன்றாவது சுற்றில் எடுத்த ஆள். 2021இல் முதலில் மேலே வந்தபோது அவர் அடிச் சராசரி .180, அதாவது நூறு முறையில் பதினெட்டு. அடுத்த வருடமும் கொஞ்ச நாள் டகோமாவில் உள்ள கீழ்நிலை அணிக்கு இறக்கினார்கள். அதே ராலீதான் 2025இல் 60 ஹோம் ரன் அடித்தார். எந்தக் கேட்சரும் எந்தக் காலத்திலும் அடிக்காத எண்ணிக்கை.

என் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஹேங்கருக்கு வரும் பயிற்சிப் பையன் முதல் மாதத்தில், திருகுகள் கழலாமல் கட்டும் லாக்வயர் கம்பியைத் தப்பான பக்கம் முறுக்கி ஒரு சுருளையே வீணாக்குவான். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது வருடம் அவன் கைபட்ட இன்ஜினை நான் கண்ணைமூடிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்துவிடுவான்.

அக்கா மகனிடம் நான் கேட்பது இதுதான். நீ சிஎஸ்கே ரசிகன். 2025 ஐபிஎல்லில் கடைசி இடம் பிடித்தபின், இந்திய அணிக்கே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் ஆளுக்கு 14.20 கோடி ரூபாய் கொடுத்தார்களே, அப்போது கைதட்டினாய் அல்லவா? சென்னைக்கு ஒரு நியாயம், சியாட்டிலுக்கு வேறு நியாயமா?

எந்தப் பையனையும் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 டிசம்பரில் ஹாரி ஃபோர்டை வாஷிங்டனுக்கு அனுப்பி ஹோசே ஃபெரர் என்ற பந்து வீச்சாளரை வாங்கினார்கள். மனசு கஷ்டப்பட்டது, ஆனால் ஃபோர்ட் கேட்சர், அந்த இடத்தில் ராலீ 2030 வரை ஒப்பந்தத்தில் இருக்கிறார். பையன் உட்கார்ந்தே வீணாகியிருப்பான், போனது நல்லது. அதற்கு முன் ஜூலையில் ஜோஷ் நேலர், யூஜெனியோ சுவாரஸ் என்ற இரண்டு மட்டையாளர்களை வாங்கியபோதும் முன்னணிப் பையன்கள் யாரையும் கொடுக்காமல் வாங்கினார்கள். டொரொன்டோவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் சுவாரஸ் அடித்த அந்த நான்கு ஓட்ட ஹோம் ரன்னை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கோல்ட் எமர்சன் விஷயம் வேறு. 2005இல் பிறந்தவன். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஆள். அந்த இடத்தில் இப்போது ஆடும் ஜே.பி. கிராஃபோர்டின் ஒப்பந்தம் 2026 பருவத்தோடு முடிகிறது. சுவாரஸின் ஒப்பந்தம் 2025 பருவத்தோடு முடிந்தது, பொலாங்கோ என்ற இன்னோர் ஆட்டக்காரர் நியூயார்க்குக்குப் போய்விட்டார். இரண்டாம் தளத்துக்குக் கோல் யங் என்று இன்னோர் இளைஞன் இருக்கிறான், அவனுக்கும் வாய்ப்பு கொடுக்கட்டும். வீட்டில் இத்தனை நாற்காலி காலியாக இருக்கும்போது பிள்ளையை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 2026 மார்ச் 5 முதல் 17 வரை, நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி. ஒரு பிரிவு ஆட்டங்கள் தோக்கியோவில், அதனால் நம் நேரத்துக்கு ஒத்துவரும். காற்பந்து, கிரிக்கெட் செய்திகளுக்குக் கீழே முடிவுகளையாவது போடுங்கள். அப்புறம், எமர்சன் சியாட்டில் சட்டை போட்டு முதல் ஆட்டம் ஆடும் நாளில் இரண்டு வரி போதும். அதை வெட்டி, 2003இல் அந்தப் பெரியவர் கொடுத்த தாளோடு சேர்த்து வைப்பேன்.

அன்புடன்,
யீஷூனிலிருந்து ஒரு வாசகர்